எழுதத் தெரிந்த மக்கள் தம் காப்பியங்களை ஏன் எழுதி வைக்கவில்லை? பிலிப்பைன்சின் பழைய எழுத்தும் வாய்மொழி இலக்கியமும்

கடலோடி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தென்கிழக்காசிய எழுத்துகளைப் பற்றி ஓராண்டாகப் படித்து வருகிறேன். பிலிப்பைன்சுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு விடை பிடிபடாத கேள்வி ஒன்று எழுந்தது. அதை இங்கே வைக்கிறேன்.

பேத்ரோ சிரினோ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1590இல் அத்தீவுகளுக்குச் சென்று, தாம் கண்டவற்றைத் தொகுத்து 1604இல் ரோமில் நூலாக அச்சிட்டார். மணிலாத் தீவுக்குரிய எழுத்தை எழுதவும் படிக்கவும் அறியாத ஆணைக் காண்பது அரிது என்றும், அறியாத பெண்ணைக் காண்பது அதனினும் அரிது என்றும் அதில் எழுதியிருக்கிறார். 1609இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், காலனிய அதிகாரியாக இருந்த அந்தோனியோ தெ மோர்காவும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். பாதிரியாரும் அதிகாரியும் தனித்தனியே ஒன்றையே சொல்லும்போது அதைப் புகழ்ச்சி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஸ்பானிய ஆட்சியைத் தொடங்கிய தளபதி லெகாஸ்பி 1565இல் வந்து இறங்குவதற்கு முன் அம்மக்கள் தம் கையால் எழுதிய நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர்களா அவர்கள்? வடக்கு மலைகளில் வாழும் இஃபுகாவோ மக்களின் ஹுத்ஹுத் பாடல்கள் 200க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றும் 40 பகுதிகளாக விரியும். தெற்கே மிண்டானாவோ தீவின் ஏரிக்கரையில் வாழும் மாரனாவோ மக்களின் தாராங்கென் காப்பியம் 17 கதைத் தொகுதிகளாக 72,000 வரிகளுக்கு நீள்கிறது. கையில் எழுத்தும் இருந்து, நெஞ்சில் இவ்வளவு பெரிய இலக்கியமும் இருந்த மக்கள், இரண்டையும் ஏன் ஒன்றோடொன்று சேர்க்கவில்லை? பாதிரிகள் எரித்துவிட்டார்கள் என்பதும், மூங்கிலும் இலையும் ஈரத்தில் மட்கிவிட்டன என்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள். இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி

நல்ல கேள்வி, கடலோடி. நான் சுவடிப் பதிப்புப் பணியில் இருப்பவன் என்பதால் எழுத்தின் பக்கமிருந்து தொடங்குகிறேன்.

மணிலாவைச் சூழ்ந்து வாழும் தகலோக் மக்கள் பயன்படுத்திய பாய்பாயின் எழுத்துமுறையில் மொத்தம் 17 எழுத்துகள். உயிர் மூன்றே: அகரம் ஒன்று, இகரத்துக்கும் எகரத்துக்கும் பொதுவாக ஒன்று, உகரத்துக்கும் ஒகரத்துக்கும் பொதுவாக ஒன்று. எஞ்சிய 14ம் நம் 'க', 'த' போல அகரம் ஏறிய மெய்கள். குத்லித் எனப்படும் சிறு கீற்றை எழுத்தின் தலைக்கு மேல் இட்டால் இகர எகர ஒலி. காலடியில் இட்டால் உகர ஒகர ஒலி. பிராமிக் குடும்பத்து எழுத்து என்பதை நம்மவர் பார்த்த உடனே உணர்ந்துகொள்வர்.

இடர் இனிமேல்தான் வருகிறது. அசையின் இறுதியில் நிற்கும் மெய்யை அவர்கள் எழுதுவதே இல்லை. மலையைக் குறிக்கும் 'புந்தோக்' என்ற சொல் 'பு', 'தொ' என்ற இரண்டே எழுத்துகளாக நிற்கும். இடையில் உள்ள நகரமும் இறுதியில் உள்ள ககரமும் படிப்பவரின் நாவிலிருந்துதான் வர வேண்டும். நம் ஓலைகளிலும் புள்ளி இடாமல் எழுதினார்கள். 'கல' என்று கண்டதைக் 'கல்' என்பதா 'கல' என்பதா என்று இடம் நோக்கித் தீர்மானிப்பது என் அன்றாட வேலை. ஆனால் நம் ஓலையில் புள்ளிதான் இல்லை, எழுத்து அங்கேயே இருக்கும். அவர்கள் எழுத்தில் அந்த மெய்யே இருக்காது. இவ்வளவு குறைவாகக் காட்டும் எழுத்தைக் கொண்டு 72,000 வரிகளை எழுதிவைத்து, முன்பின் அறியாத ஒருவர் எடுத்துப் படித்துப் பொருள் காண்பது நடவாத காரியம். கேள்விக்கு விடை இதுவே என்பது என் கருத்து.

மணிலாவாசி

ஓலைச்சுவடி ஐயா, விளக்கத்துக்கு நன்றி. முடிவில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக இங்கே வாழ்வதால் இந்தப் பொருள் எனக்கு நெருக்கமானது; சற்று நீளமாக எழுதினால் பொறுத்தருளுங்கள்.

இந்த எழுத்து போதாது என்ற எண்ணம் அதை எழுதி வளர்ந்தவர்களிடமிருந்து வந்ததன்று. பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார் 1620இல் இலோகானோ மொழிக்கான சமயப் பாடநூலைப் பாய்பாயினில் அமைத்தபோது, எழுத்தின் கீழே சிறு சிலுவை வடிவக் குறியை இட்டு மெய்யைக் காட்டும் முறையைப் புகுத்தினார். நம் புள்ளியின் வேலையை அந்தக் குறி செய்தது. தகலோக் மக்களோ அதை ஏற்கவில்லை. அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த பேத்ரோ அந்திரேஸ் தெ காஸ்திரோ 1776இல் எழுதிய குறிப்பின்படி, அவர்கள் அந்தக் கண்டுபிடிப்பை மரியாதையாகப் பாராட்டிவிட்டு, அது தங்கள் எழுத்துக்கு இறைவன் தந்த இயல்புக்கு மாறானது என்றும், அதைப் பயன்படுத்தினால் தங்கள் மொழியின் இலக்கணமும் யாப்பும் எழுத்திலக்கணமும் ஒரே அடியில் அழிந்துவிடும் என்றும் மறுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அவர்கள் யாப்பைப் பேசுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலும், அந்த எழுத்து நடைமுறைக்கு உதவாததாக இருந்ததில்லை. 1593இல் மணிலாவில் மரக்கட்டை அச்சில் வெளிவந்த கிறித்தவப் பாடநூலில் ஸ்பானியமும் தகலோக்கும் உரோமன் எழுத்தில் இருக்க, தகலோக் மட்டும் பாய்பாயினிலும் அச்சிடப்பட்டது. இன்று அறியப்படும் ஒரே படி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் 1613, 1625 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு நில விற்பனைப் பத்திரங்கள் பாய்பாயினில் எழுதப்பட்டவை. நிலம் கைமாறும் பத்திரத்தையே நம்பி எழுதினார்கள் என்றால், அதை எழுதி வளர்ந்தவர்களுக்கு அந்த எழுத்து போதுமானதாக இருந்தது என்றுதான் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெய்யைக் காட்டும் எழுத்தை இத்தீவுகள் முன்பே கண்டிருக்கின்றன. 1980களின் இறுதியில் லகுனா மாகாணத்தில், லும்பாங் ஆற்று முகத்துவாரத்தின் அருகே மணல் எடுத்தபோது கிடைத்த செப்பேடு, 1990இல் தேசிய அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டது. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ 20 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட, கறுத்து நெளிந்த மெல்லிய தகடு, பத்து வரிகள். மிண்டோரோ தீவின் மங்யான் மக்களிடையே வாழ்ந்த அந்தூன் போஸ்ட்மா என்ற டச்சு அறிஞர் அதைப் படித்து 1992இல் வெளியிட்டார். எழுத்து, மெய்யையும் காட்டும் பழைய ஜாவா எழுத்தான காவி, மொழி பழைய மலாய், அதனூடே சமஸ்கிருதமும் பழைய சாவகமும் (ஜாவா மொழி) தகலோக்கோடு உறவுடைய சொற்களும். தொடக்கமோ நம் கல்வெட்டுகளில் பழகிய வாசகம்: சுவஸ்தி, சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்ச சதுர்த்தி, திங்கட்கிழமை. கணக்கிட்டால் 900ஆம் ஆண்டு ஏப்ரல் 21.

செய்தியும் எளிமையானது. நம்வரான் என்பவர் பட்டிருந்த கடன், ஒரு காட்டி எட்டுச் சுவர்ணப் பொன், அதாவது இன்றைய நிறையில் ஏறத்தாழ 926 கிராம், முழுவதும் தீர்ந்ததாக அவர் மகள் அங்காத்தானுக்கும் உறவினர் புக்காவுக்கும் எழுதித் தரப்பட்டிருக்கிறது. பின்னாளில் எவரேனும் கடன் தீரவில்லை என்று சொன்னால் என்று கடைசி வரி தொடங்குகிறது. வாக்கியம் முடிவதற்குள் தகடு முடிந்துவிடுகிறது. அடுத்த தகடு அந்த மணலில் எங்கோ கிடக்கிறது என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே எழுத்தின் போதாமை மட்டும் விடையாகாது. காவியும் வந்திருந்தது. அதைக் கொண்டும் எவரும் ஹுத்ஹுத்தை எழுதவில்லை.

நெய்தல்

நான் மாணவி, கேட்டுக் கற்றுக்கொள்ளவே வந்தேன். ஒரே ஒரு ஐயம். 1433இல் பனாய் தீவின் கலாந்தியாவ் என்ற தலைவர் எழுதிய சட்டத்தொகுப்பு இருப்பதாக இணையத்தில் பல இடங்களில் படித்தேன். அது ஸ்பானியருக்கு முந்தைய நூல்தானே? மேலும், பாதிரிகள் நூற்றுக்கணக்கான சுவடிகளை எரித்ததாகவும் படித்தேன். அதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியுமா?

மணிலாவாசி

நெய்தல், தயங்காமல் கேட்டது நல்லது. இந்த நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் அதைப் பாடமாகவே படித்தார்கள். ஆனால் கலாந்தியாவ் சட்டம் போலி. 1914இல் ஹோசே மார்கோ என்பவர் பழைய கையெழுத்துப் படிகள் என்று சொல்லி மணிலா நூலகத்துக்குக் கொடுத்தவற்றில் அதுவும் இருந்தது. வில்லியம் ஹென்றி ஸ்காட் என்ற வரலாற்றறிஞர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக 1960களில் ஒவ்வொரு சான்றாகப் பின்தொடர்ந்து சென்று, 1914க்கு முன் அந்தச் சட்டத்தைப் பற்றிய பேச்சே எங்கும் இல்லை என்று நிறுவினார். அதற்குள் அந்தத் தலைவருக்கு நினைவிடமே எழும்பிவிட்டது. 2004இல் தேசிய வரலாற்று நிறுவனமும் அதற்கு வரலாற்று அடிப்படை இல்லை என்று அறிவித்தது.

இழப்பு ஏற்பட்ட மக்களிடம் பொய்ச் சான்றைக் கொடுப்பது கொடுமையான செயல். உண்மை வெளிப்படும்போது அவர்கள் இரண்டாம் முறையாக இழக்கிறார்கள்.

எரித்தது பற்றி: பலாயான் ஊரில் ஒருவரிடம் அவர்கள் எழுத்தில் எழுதிய செய்யுள் நூல் இருந்ததையும், அது பேயோடு உடன்படிக்கை செய்த நூல் என்று எரிக்கப்பட்டதையும் சிரினோவே சொல்கிறார். எனவே எரிப்பு நடந்தது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கில் எரித்தார்கள் என்பதற்கு அக்கால ஆவணம் கிடையாது. அதே பாதிரிகள்தாம் பாய்பாயினைக் கற்று அதில் அச்சிட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெய்தல்

நன்றி அண்ணா. என் கட்டுரையில் கலாந்தியாவ் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன், நீக்கிவிடுகிறேன். பலாயான் நிகழ்ச்சியை அந்த இடத்தில் வைக்கிறேன்.

ஆழிமுத்து

செபுத் தீவை ஆண்ட அரச மரபை நிறுவிய ஸ்ரீ லுமாய், சோழ மரபில் வந்தவர் என்று படித்திருக்கிறேன். மாரனாவோ மக்களிடம் இராமாயணமும் இருக்கிறது. தகலோக் மொழியில் தமிழ்ச் சொற்களும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்கும்போது, இலக்கியமும் எழுத்தும் நம்மிடமிருந்து நேராகச் சென்றிருக்கலாம் என்று தோன்றுகிறதே?

கடலோடி

ஆழிமுத்து ஐயா, மூன்றையும் தனித்தனியே பார்ப்போம். ஏனெனில் மூன்றுக்கும் சான்றின் வலு வேறு வேறு.

ஸ்ரீ லுமாய் கதை 20ஆம் நூற்றாண்டில் அச்சேறிய செபுவானோ நூல் ஒன்றிலிருந்து பரவியது. 1521இல் மகெல்லனோடு செபுவில் இறங்கிய இத்தாலியப் பயணக் குறிப்பாளர் பிகாபெட்டா, அரசர் ஹுமாபோனோடு உண்டு பேசி, மக்களின் சொற்களைப் பட்டியலிட்டு எழுதியவர். அவர் குறிப்புகளில் சோழரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நமக்கு இனிக்கும் செய்தி என்பதற்காக அதை வரலாறு என்று பரப்பக்கூடாது. கலாந்தியாவுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சொற்கள் உண்மை. 'வகை' என்ற நம் சொல் அங்கே 'பகாய்' ஆகி, 'பொருள்' என்ற பொருளில் நாள்தோறும் வழங்குகிறது. 'காவல்' அங்கே 'கவால்', படைவீரர். மாங்காய் 'மங்கா'. முருங்கை 'மலுங்காய்'. ஆனால் இவை பெரும்பாலும் மலாய் வணிகரின் நாவில் ஏறிக்கொண்டு சென்றவை. நம் கப்பல் அங்கே நேராகச் சென்றதற்குச் சான்றாக இவற்றைக் கொள்ள முடியாது. பெருங்கடவுளான பத்ஹாலாவின் பெயரும், தீவு முழுதும் வழங்கும் 'திவாதா' என்ற தெய்வப் பெயரும் சமஸ்கிருத வேருடையவை. அவையும் அதே வழியில் சென்றவையே.

இராமாயணம்தான் இவற்றுள் மிகச் சுவையானது. 1960களின் இறுதியில் ஹுவான் பிரான்சிஸ்கோ என்ற பிலிப்பைன்ஸ் இந்தியவியலாளர் 'மகாராதியா லாவானா' என்ற மாரனாவோ உரைநடைக் கதையைக் கண்டெடுத்தார். லாவானா இராவணன், மங்கந்திரி இராமன், மங்கவர்னா இலக்குவன், மலானோ திஹாயா சீதை. லக்சமானா என்ற பெயரோ குரங்கு வீரனுக்குப் போய்விட்டது! லாவானாவின் வேண்டுதலை இறைவனிடம் கொண்டுசெல்பவர் வானவர் ஜிப்ரீல். இசுலாம் வந்த பிறகு மலாய் நாட்டு வழியாக மிண்டானாவோவுக்கு வந்து, ஏரிக்கரை மக்களின் கதையாகவே ஆகிவிட்ட இராமாயணம் அது. கம்பனைத் தேடிக்கொண்டு அதனுள் நுழைந்தால் மாரனாவோ மக்கள் செய்திருக்கும் அழகு கண்ணில் படாமல் போய்விடும்.

ஆழிமுத்து

ஏற்றுக்கொள்கிறேன். ஸ்ரீ லுமாய் செய்தியை நானே இரண்டு குழுக்களில் பகிர்ந்திருக்கிறேன். அங்கும் திருத்தம் எழுதிவிடுகிறேன்.

முல்லைக்கொடி

நாட்டார் பாடல்களைப் பதிவு செய்வது என் பணி. கடலோடியின் கேள்வியை நான் திருப்பிக் கேட்க விரும்புகிறேன்: அவர்கள் ஏன் எழுதி வைக்க வேண்டும்?

ஹுத்ஹுத் எப்படிப் பாடப்படுகிறது என்று பாருங்கள். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயல்களில் விதைக்கும்போதும் அறுவடையின்போதும், இறந்தவருக்காக இரவு விழித்திருக்கும்போதும் பாடுவார்கள். பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண் ஒருவரே முதற்குரல். அவர் வரியைத் தொடங்கியதும் மற்றப் பெண்கள் ஊர்ப்பெயரும் வீரர் பெயரும் வரும் பழகிய தொடர்களைக் கூட்டாக ஏற்றுப் பாடி வரியை முடிப்பார்கள். எல்லா வரிக்கும் ஒரே மெட்டு. கதை பல நாள் ஓடும். பாட்டைக் கேட்பவர் என்று தனியே ஒருவர் அங்கே இல்லை. வயலில் நிற்பவர் யாவரும் அதன் ஒரு பகுதியைத் தம் வாயில் வைத்திருக்கிறார்கள். நூலகம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த வயல்தான் நூலகம்.

கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹன்னங்கா ஊரின் அலிகுயோன் தன் தந்தையின் பகைவரைத் தேடித் தலிக்திகன் ஊருக்குப் போகிறான். அந்தப் பகைவருக்குப் பதிலாக எதிர்கொள்பவன் அவர் மகன் பும்பக்காயோன். ஒருவன் எறியும் ஈட்டியை மற்றவன் காற்றிலேயே பிடித்துத் திருப்பி எறிகிறான். ஒன்றரை ஆண்டு அங்கே. பிறகு ஹன்னங்காவில் ஒன்றரை ஆண்டு. மூன்றாண்டு முடிவில் எவரும் வெல்லவில்லை. அத்தனை நாள் எதிரே நின்றவனின் திறமையை மதிக்கக் கற்றுக்கொண்ட இருவரும் சமாதானம் செய்து, ஒருவர் தங்கையை மற்றவர் மணக்கிறார்கள்: அலிகுயோனுக்குப் புகான், பும்பக்காயோனுக்கு அகினாயா. பகைவனைக் கொல்லாமலே முடியும் போர்க்காப்பியம்! அறுவடை செய்யும் பெண்கள் இதைப் பாடுகிறார்கள் என்பதை எண்ணிக்கொண்டு படிக்கும்போது அந்த முடிவு எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது.

பனாய் தீவின் மலைகளில் வேறொரு ஏற்பாடு இருந்தது. பினுகோத் எனப்படும் பெண்களைச் சிறு வயது முதல் வெயிலும் அயலார் கண்ணும் படாமல் வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். மூத்த பெண்களிடமிருந்து காப்பியங்களை மனப்பாடமாகக் கற்றுப் பாடுவது அவர்களின் கல்வி. அந்த வாழ்க்கையின் அடைபட்ட தன்மை என்னை உறுத்துகிறது. அதை மறைத்து அழகுபடுத்த மாட்டேன். ஆனால் லாபாவ் தொங்கோன், ஹுமதப்நோன், துமலப்தப் என்ற மூன்று உடன்பிறந்தாரின் கதையான ஹினிலாவோத், 1950களில் லாந்தா ஹோகானோ என்ற மானிடவியலாளர் மலையேறிச் சென்று ஒலிப்பதிவு செய்யும் வரை உயிரோடிருந்தது அம்மலைவாழ் பாடகர்களின் நினைவாற்றலால்தான்.

எழுத்தாகிவிட்ட பாட்டு உறைந்துவிடும். களத்தில் எனக்கே நேர்ந்தது: மூதாட்டி ஒருவர் பாடிய பாட்டை எழுதிக்கொள்வதற்காக மெதுவாகச் சொல்லச் சொன்னேன், மூன்றாம் வரியில் நின்றுவிட்டார். நாற்று நட்டுக்கொண்டே பாடச் சொன்னபோது தடையின்றி முழுதும் வந்தது.

தாராங்கென் மட்டும் சிறிது வேறுபடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் சில பகுதிகளை அரபு எழுத்தைத் தழுவிய முறையில் எழுதிய கையெழுத்துப் படிகள் மாரனாவோ குடும்பங்களில் உண்டு. அப்படியிருந்தும் திருமண விழாக்களில் இரவெல்லாம் பாடுபவர்கள் நெஞ்சிலிருந்துதான் பாடினார்கள்.

நெய்தல்

முல்லைக்கொடி அம்மா, அப்படியானால் பாய்பாயின் எதற்குப் பயன்பட்டது? புராணக் கதைகளையாவது எழுதினார்களா?

முல்லைக்கொடி

புராணங்கள் நமக்குக் கிடைப்பது அயலார் கையால்தான், நெய்தல். மிகெல் தெ லோவார்கா என்ற ஸ்பானியர் 1582இல் எழுதிய அறிக்கை விசயத் தீவுகளின் படைப்புக் கதையைச் சொல்கிறது. கடற்கரை மக்கள் சொன்னதன்படி, காப்தான் என்ற தெய்வம் நட்ட நாணல் வளர்ந்து வெடித்தது. இரண்டு கணுக்களிலிருந்து முதல் ஆணும் முதல் பெண்ணும் வெளிவந்தார்கள். பின்னாளில் மூங்கிலிலிருந்து வந்த மலாகாஸ், மகாந்தா, அதாவது வலியவன், அழகி, என்ற வடிவில் அக்கதை நாடெங்கும் அறியப்பட்டது. நிலவை விழுங்கும் பக்குனாவா என்ற பெரும்பாம்பின் கதை மக்கள் வாயிலேயே நெடுங்காலம் இருந்தது. கிரகணத்தன்று சட்டி பானைகளைத் தட்டி ஓசை எழுப்பி, விழுங்கிய நிலவைக் கக்க வைப்பார்கள்.

பாய்பாயினின் உறவெழுத்துகள் இன்றும் உயிரோடு இருப்பதால் உங்கள் முதல் கேள்விக்கு விடை தேட முடிகிறது. மிண்டோரோவின் ஹனுநூ மங்யான், புகித் மங்யான், பலவானின் தக்பன்வா, பலவான் மக்கள் ஆகியோரின் எழுத்துகளை யுனெஸ்கோ 1999இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹனுநூ மக்களிடையே வாழ்ந்த மானிடவியலாளர் ஹெரால்டு காங்க்லின் 1940களின் இறுதியில் கண்டது இது: பள்ளி கிடையாது, நெடுங்கணக்கை வரிசையாக ஒப்பிப்பது கிடையாது; பருவம் எய்திய பிள்ளைகள் காதல் பாட்டுகளைச் சேர்த்து மனப்பாடம் செய்வதற்காக எழுத்தைக் கற்றார்கள். யாரிடம் நிறையப் பாட்டு இருக்கிறதோ அவருக்கே காதலில் வெற்றி.

எழுதும் விதத்தைப் பாருங்கள். இடக்கையில் மூங்கில் துண்டு, வலக்கையில் கூரிய கத்தி. உடம்பிலிருந்து விலகிச் செல்லும் திசையில் கத்தியை ஓட்டிக் கீறுவார்கள். எனவே எழுத்து கீழிருந்து மேலாக ஏறும். இடக்கைப் பழக்கம் உள்ளவர் எழுதினால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நிற்கும். அதையும் எல்லோரும் தடையின்றிப் படிப்பார்கள். அவர்கள் பாடும் அம்பாகான், வரிக்கு ஏழு அசை கொண்டு, எல்லா வரியும் ஒரே இயைபில் முடியும் செய்யுள். குழந்தைக்கும், வழிப்போக்கருக்கும், விரும்பியவளுக்கும் அம்பாகான் உண்டு. கினாவ் பிலோக் என்ற ஹனுநூப் புலவரை அந்நாட்டு அரசு 1993இல் தேசியக் கலைச்செல்வமாகப் போற்றியது.

ஆகவே எழுத்து சிறு பாட்டுக்கும் கடிதத்துக்கும்; நெடுங்கதை குரலுக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பணி இருந்தது.

ஓலைச்சுவடி

மணிலாவாசியும் முல்லைக்கொடி அம்மையாரும் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். குறிப்பாக, மெய்க்குறியைச் சேர்த்தால் தங்கள் யாப்பு அழியும் என்று தகலோக் மக்கள் சொன்னதாக வந்த செய்தி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. அதன் பொருள் என்னவென்று ஒரு செய்யுளை எடுத்து எழுதிப் பார்த்தேன்.

நோசேதா, சான்லூகார் என்ற பாதிரிகள் தொகுத்து 1754இல் அச்சான தகலோக் அகராதியில், சொற்களுக்கு எடுத்துக்காட்டாக விடுகதைகளும் தனாகா என்ற நான்கு வரிச் செய்யுள்களும் வருகின்றன. தனாகாவும் வரிக்கு ஏழு அசை, ஒரே இயைபு. அவற்றுள் ஒன்று:

கதிதிபாய் க துலோஸ்
சகாலிங் தத்னாங் ஆகோஸ்
அகோய் முமுந்திங் லுமோத்
ச இயோய் புபுலுபோத்

ஆற்றில் நட்ட முளைக்கம்பைப் பார்த்துப் பாசி சொல்கிறது: உறுதியாக நில், முளையே, வெள்ளம் வந்துவிட்டால், சிறு பாசியாகிய நான் உன்னைத்தான் சுற்றிக்கொள்வேன்.

இப்போது இதைப் பழைய பாய்பாயின் முறையில், இறுதி மெய்களை விட்டு எழுதுகிறேன்:

க தி தி ப க து லொ
ச க லி த ந அ கொ
அ கொ மு மு தி லு மொ
ச இ யொ பு பு லு பொ

எண்ணிப் பாருங்கள். வரிக்கு ஏழு எழுத்து, மொத்தம் 28. அசை ஒன்றுக்கு எழுத்து ஒன்று என்பதால், ஏழசை வரி எப்போதும் ஏழெழுத்தாகவே நிற்கும். யாப்பு கண்ணுக்கே தெரிகிறது. இயைபும் அப்படித்தான்: துலோஸ், ஆகோஸ், லுமோத், புலுபோத் என்று ஒலியில் சகரமும் தகரமுமாக முடியும் சொற்கள், எழுத்தில் நான்கும் ஒரே உயிரில் வந்து நிற்கின்றன. தகலோக் யாப்பில் இவை இயைபாகக் கொள்ளப்படுபவையே. சிலுவைக் குறியோடு மெய்களையும் எழுதினால் முதல் வரி ஏழெழுத்தாக நிற்காது, ஒன்பதாகிவிடும். நான்கு வரியும் ஒன்பது, பதினொன்று, பதினொன்று, ஒன்பது என அளவு மாறிச் சிதறும். யாப்பு அழியும் என்று சொன்னது வெறும் சாக்காக இருந்திருக்காது என்று இப்போது நம்புகிறேன். இது என் ஊகம்தான். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

மணிலாவாசி

ஐயா, மறுப்பு இல்லை. நான் செய்த சோதனையை மட்டும் சொல்கிறேன். உங்கள் 28 எழுத்துகளை அப்படியே பாய்பாயினில் ஒரு தாளில் எழுதி, என்னோடு வேலை செய்யும் தகலோக் தோழி ஒருவரிடம் காட்டினேன். அவருக்கு அந்த எழுத்து தெரியும். இந்தச் செய்யுள் தெரியாது. முதல் வரியின் இறுதியை 'துலோ' என்றே படித்தார். தகலோக்கில் அதற்குச் 'சொட்டு', 'ஒழுக்கு' என்று பொருள். உறுதியாக நில், சொட்டே என்று வந்ததும் புருவத்தைச் சுருக்கினார். ஆனாலும் நிற்காமல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். 'லுமொ' என்ற இடத்தில் 'லுமோத்' என்று தாமாகவே பாசியைச் சேர்த்துக்கொண்டார். நான்காம் வரியின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு வந்து 'புலுபோத்', சுற்றிக்கொள்வது, என்று வாய்விட்டுச் சொன்னவர், பாசி எதைச் சுற்றும் என்று தமக்குள் கேட்டபடி விரலை முதல் வரிக்குத் திருப்பிக் கொண்டுபோய், 'துலோ' மீது வைத்து, 'துலோஸ்' என்றார். பிறகு நான்கு வரியையும் மெட்டோடு பாடிக் காட்டினார்.